குடிநோயும் மனநோயும் சேர்ந்து வந்தால்

"குடியை விட்டுவிட்டால் எல்லாம் தானே சரியாகிவிடும்" என்பார்கள் ஒரு சாரார். "மனசு சரியில்லை, அதனால்தான் குடிக்கிறார், மனசு தேறினால் குடியும் நின்றுவிடும்" என்பார்கள் இன்னொரு சாரார். நம் சங்கத்துக் குடும்பங்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்ட வீடுகளில்தான் வைத்தியம் பலிக்காமல் வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு நோயும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் வீட்டார் என்ன கவனிக்க வேண்டும் என்பதே இந்த மாதப் பாடம்.

நான் டாக்டர் அல்ல. ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் பிரிவில் முப்பத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற டிப்ளமா எஞ்சினீயர். டிப்போ ஊழியர்களுக்காகப் பல ஆஸ்பத்திரி வாசல்களில் நின்று தெரிந்துகொண்டதையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

எங்கள் இலாகாவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வண்டி தடம் புரண்டால், தண்டவாளப் பிரிவு, பெட்டிப் பிரிவு, போக்குவரத்துப் பிரிவு எல்லோருமாக இடத்துக்குப் போய் அளவெடுத்து 'ஜாயின்ட் நோட்' எழுத வேண்டும். தண்டவாளக்காரர் சக்கரத்தைக் குறை சொல்வார். நாங்கள் தண்டவாளத்தைக் குறை சொல்வோம். சில சமயம் அளந்து பார்த்தால் இரண்டுமே அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கும். தேய்ந்த சக்கரமும் தாழ்ந்த தண்டவாளமும் ஒரே இடத்தில் சந்தித்ததுதான் காரணம் என்று கடைசியில் தெரியவரும். குடியும் மனநோயும் சேர்ந்த கேஸ் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஆனால் அங்கே ஜாயின்ட் நோட் எழுத யாரும் வருவதில்லை. குடிமறப்பு நிலையத்தில், "இவருக்கு மனநிலை பாதிப்பு இருக்கிறது, எங்களால் சேர்க்க முடியாது" என்கிறார்கள். மனநல டாக்டரிடம் போனால், "முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்கிறார். நடுவில் நிற்பது வீட்டுப் பெண்கள்.

இது ஏதோ அபூர்வமான சேர்க்கை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 20,000 பேருக்கு மேல் நேரில் விசாரித்து 1990-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், குடிநோய் உள்ளவர்களில் 37 சதவீதம் பேருக்கு வேறொரு மனநோயும் இருந்தது. மனம் ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமான இருமுனைக் கோளாறு உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குடியோ வேறு போதையோ சேர்ந்திருந்தது. நம் நாட்டு நிலைமைக்கு 2019-ல் டெல்லி எய்ம்ஸ் நடத்தி வெளியிட்ட அகில இந்தியக் கணக்கெடுப்பைப் பார்க்கலாம். குடியால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் சுமார் 5.7 கோடி. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு நோய்க்கே இந்தக் கதி என்றால் இரண்டு நோய்க்கும் சேர்த்து வைத்தியம் கிடைத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

எது முன்னால் வந்தது?

டாக்டர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான். ஏனென்றால் மதுவே மனத்தைத் தாழ்த்தும் ஒரு பொருள். நெடுநாள் குடித்தவர் சோர்ந்து கிடப்பார், அழுவார், உயிரோடு இருந்து என்ன பயன் என்பார். அமெரிக்காவில் 1988-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. குடிமறப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஆண்களில் முதல் வாரம் 42 சதவீதம் பேர் கடுமையான மனச்சோர்வின் அளவில் இருந்தார்கள். வேறு மருந்து இல்லாமல், குடியில்லாமல் நான்கு வாரம் கழிந்தபின் அந்த அளவில் இருந்தவர்கள் 6 சதவீதம் மட்டுமே. ஆகவே, குடியை நிறுத்தினால் மனசு தேறிவிடும் என்பவர் சொல்வதும் பலர் விஷயத்தில் சரிதான்.

மீதி இருக்கிறார்களே, அவர்கள்? உலகம் அறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற ஏ.ஏ. இயக்கத்தை 1935-ல் அமெரிக்காவில் டாக்டர் ஒருவரோடு சேர்ந்து தொடங்கியவர் பில் வில்சன். 1934 டிசம்பருக்குப் பிறகு அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழிகாட்டினார். அப்படிப்பட்டவர் 1944-க்குப் பிறகு பத்தாண்டுக்கும் மேலாகக் கடும் மனச்சோர்வில் விழுந்து விழுந்து எழுந்தார். குடியை விட்டுப் பத்தாண்டு ஆனபின் வந்த சோர்வு அது. அவர் மனநல டாக்டரிடம் போய்ச் சிகிச்சை பெற்றார். 1958-ல் தம் இயக்கத்துப் பத்திரிகையிலேயே அதைப் பற்றி எழுதவும் செய்தார். குடிக்காமல் இருக்கும் ஒருவர் சோர்ந்து உட்கார்ந்திருந்தால், "இன்னும் என்ன குறை உங்களுக்கு?" என்று கேட்கும் வீட்டார் இவரை நினைத்துக்கொள்ளலாம்.

எது முன்னால் என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ இதைச் சொல்லாது. வீட்டார் தரும் விவரம்தான் சொல்லும். எங்கள் டிப்போவில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஃபிட்டர் ஒருவர் இருந்தார். சக்கர அச்சு பேரிங்கைத் தொட்டுப் பார்த்தே கோளாறு சொல்லிவிடும் கை. வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை தலைகீழாக மாறிவிடுவார். இராத்திரி பகல் தெரியாது, சொசைட்டியில் கடன் வாங்கி ஒரே நாளில் இரண்டு தையல் மெஷின் வாங்குவார், மேலதிகாரியிடம் சண்டை, அப்புறம் பாட்டில். பிறகு ஒரு மாதம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுக்கை. 'குடிகாரன்' என்று டிப்போ முழுக்க முடிவு கட்டிவிட்டது. இரண்டு தடவை குடிமறப்பு நிலையத்தில் இருந்துவிட்டு வந்தார். இரண்டு தடவையும் சில மாதங்களில் பழைய கதை.

அவர் மனைவி எட்டாவது வரை படித்தவர். சுவரில் பால் கணக்கு எழுதும் காலண்டர் மாட்டியிருந்தார். அதிலேயே, கணவர் தூங்காத இரவுக்கு 'தூ' என்றும், குடித்துவிட்டு வந்த நாளுக்கு 'கு' என்றும் பென்சிலால் எழுதி வந்தார். பதினான்கு மாதத்துக் கணக்கு. "குடிக்கிறதுக்கு முன்னாடியே தூக்கம் போயிடுதுண்ணா. எட்டு நாள், பத்து நாள் தூக்கமில்லாம இருந்துட்டுத்தான் பாட்டிலைத் தொடுறார்" என்று என்னிடம் காட்டினார். பார்த்தால் மூன்று தடவையும் அப்படியே. 'தூ' வரிசையாக வந்த பிறகுதான் 'கு'. அந்தக் காலண்டர் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒரு மனநல டாக்டரைப் பார்த்தோம். அவர் தாள்களை மேசையில் விரித்து ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி: "இவருடைய அப்பா, சித்தப்பா, அத்தை யாருக்காவது இப்படி இருந்ததா?" இருந்தது. ஊரில் ஒரு சித்தப்பாவைக் கோயில் கோயிலாக அழைத்துப் போயிருக்கிறார்கள்.

இருமுனைக் கோளாறு என்று முடிவாயிற்று. குடிக்கும் அதற்கும் அந்த டாக்டர் ஒருவரே சேர்த்து மருந்து கொடுத்தார், பேசினார். அதன் பிறகும் அந்த ஃபிட்டர் இரண்டு தடவை குடித்தார்; அதை மறைப்பதற்கில்லை. ஆனால் இரண்டு தடவையும் ஒரு வாரத்துக்குள் டாக்டரிடம் திரும்பினார்கள். வேலை போகாமல் முழுப் பென்ஷனோடு ஓய்வு பெற்றார்.

காலண்டர் எழுதுவது எந்த வீட்டிலும் முடியும். தூக்கம், குடி, மாத்திரை, சாப்பாடு; இந்த நான்கைக் குறித்தால் போதும். முன்பு எப்போதாவது நாலைந்து மாதம் குடிக்காமல் இருந்தாரா, அந்த மாதங்களில் மனநிலை எப்படி இருந்தது என்பதையும் ஞாபகப்படுத்தி எழுதுங்கள். டாக்டருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இரண்டு வாசல்

இரண்டு நோய்க்கும் தனித்தனி வாசல் ஏற்பட்டதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. சென்னையையே எடுத்துக்கொள்வோம். குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் டி.டி. ரங்கநாதன் பெயரில் ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை தொடங்கிக் குடிநோய்க்கு மருத்துவமனை நடத்தினார். மனச்சிதைவு நோய்க்காக டாக்டர் சாரதா மேனன் 1984-ல் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-ல் ஒருவருக்குப் பத்மஸ்ரீ, இன்னொருவருக்குப் பத்மபூஷண். இருவரும் நம் பெண்மணிகள் என்பதில் பெருமைப்படலாம். குடிப்பது ஒழுக்கக்கேடு, மனநோய் பேய் பிடித்தது என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த நாளில், ஒவ்வொரு நோய்க்கும் ஒரு வாசல் திறப்பதே பெரிய காரியம். உலகம் முழுவதும் அன்று அப்படித்தான் தனித்தனியாக வளர்ந்தது.

ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்று என்ற முறையில் நோயாளிகள் நடுவில் நழுவிப்போகிறார்கள் என்று கண்ட பிறகு, 1980-களிலிருந்து அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் முதலிய இடங்களில் ஒரே குழு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் முறையை வளர்த்தார்கள். மனநல டாக்டர், நர்ஸ், ஆலோசகர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே மேசையில். முழுக்க நிறுத்தினால்தான் உள்ளே வரலாம் என்ற நிபந்தனை கிடையாது. இன்று நம் நாட்டில் பெங்களூர் நிம்ஹான்ஸிலும், காஜியாபாத்தில் எய்ம்ஸ் நடத்தும் தேசிய போதைச் சிகிச்சை மையத்திலும் இரண்டுக்கும் ஒரே இடத்தில் சிகிச்சை உண்டு. பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் மனநலப் பிரிவே குடிநோயையும் பார்க்கிறது. தனியார் நிலையத்துக்குப் போவதானால் முன்பணம் கட்டுமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "மனநல டாக்டர் இங்கே வாரம் எத்தனை நாள் வருகிறார்?" பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். பூட்டி வைத்து அடிக்கும் நிலையங்களும் இருக்கின்றன. அதற்குப் பெயர் சிகிச்சை அல்ல.

நாம் செய்யும் சில காரியங்கள்

வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி செய்வது, "ஊருக்கு அழைத்துப் போய் அங்கே சேர்ப்போம்" என்று டிக்கெட் எடுத்துவிடுவது. நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சிகள் தெரிவது, இல்லாத குரல் கேட்பது என்று ஜன்னி கண்டதுபோல் ஆகலாம். உயிருக்கே ஆபத்தான நிலை இது. டெல்லியிலிருந்து சென்னைக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம். கணக்குப் பாருங்கள்: வலிப்பு வரக்கூடிய நேரம் சரியாக ஓடும் வண்டியில் அமைகிறது. இருக்கும் ஊரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்து, நடுக்கத்துக்கு மருந்தும் பி-1 வைட்டமின் ஊசியும் கொடுத்து அந்த நாட்களைத் தாண்டிய பிறகு பிரயாணத்தை யோசிக்கலாம். அந்த மூன்று நான்கு நாளில் குரல் கேட்டது என்பதற்காகப் பைத்தியம் என்று முத்திரை குத்தவும் வேண்டாம். குடி நின்று பல வாரம் ஆகியும் குரல் கேட்டால்தான் அது வேறு விஷயம்.

இன்னொன்று, காப்பியிலும் சாம்பாரிலும் 'பொடி' கலப்பது. "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கச் செய்யலாம்" என்று விளம்பரம் வருகிறது. அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. டாக்டர்கள் தரும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்டு. அதைச் சாப்பிட்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழுந்துவிடும். நோயாளி தெரிந்து, சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை உடம்பில் வேலை செய்யும். தெரியாமல் கொடுத்தால் உயிர் போகலாம். மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவருக்கு மனநோயையும் அது கிளப்பிவிடக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மனைவி கையால் சாப்பிடவே பயப்படும் நிலை வந்துவிட்டால் அந்த வீட்டில் வைத்தியம் எப்படி நடக்கும்?

மூன்றாவது விஷயம் நல்லெண்ணத்தில் நடப்பது. ஏ.ஏ. கூட்டங்களால் மீண்டவர்கள் ஏராளம். காசு வாங்குவதில்லை, யாரும் போகலாம். ஆனால் கூட்டத்தில் பக்கத்தில் இருப்பவர், "மாத்திரையும் ஒரு போதைதானே, அதையும் விட்டால்தான் சுத்தம்" என்று சொல்லிவிடுவார். ஏ.ஏ. இயக்கத்தின் சொந்த வெளியீடே, உறுப்பினர் யாரும் டாக்டர் வேலை பார்க்க வேண்டாம் என்கிறது. பழக்கமாகிவிடக்கூடிய மாத்திரைகள் உண்டுதான். டையஸிபாம், அல்பிரஸோலாம் போன்ற தூக்க மாத்திரைகள் அப்படிப்பட்டவை. மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். மருந்துக் கடையில் சீட்டில்லாமல் அவற்றை வாங்கித் தருவது ஒரு போதைக்குப் பதில் இன்னொன்றைத் தருவதாகும். மனச்சோர்வு மருந்தும், மனத்தை நிலைப்படுத்தும் லித்தியம் போன்றவையும் வேறு ஜாதி. அவற்றைத் திடீரென்று நிறுத்தினால் நோய் திரும்பும். குடித்துவிட்டு வந்த நாளில் எந்த மாத்திரையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்றிரவு யாரையும் கேட்க நேரம் இருக்காது.

வடக்கே இருப்பவர்கள் பாங்கு பற்றியும் யோசிக்க வேண்டும். ஹோலியன்று தண்டாயில் கலந்து பையன்களுக்குக் கொடுப்பதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்கிறோம். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால் கஞ்சா இனத்தைச் சேர்ந்த எதுவும் அந்தப் பையனுக்கு ஆகாது.

சட்டம் இப்போது நோயாளியின் பக்கம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது மற்றும் போதையால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்றே சேர்த்துச் சொல்கிறது. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மறைத்த காலம் போகட்டும். இரண்டு நோயும் சேர்ந்தவர்களிடம் அந்த எண்ணம் அதிகம் என்பதால், அவர் வாயிலிருந்து சாவுப் பேச்சு வந்தால் "குடிபோதையில் உளறுகிறார்" என்று தள்ளாதீர்கள். அன்று தனியாக விடாதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, தமிழிலும் பேசுவார்கள். போதை சம்பந்தமாக மட்டும் என்றால் 14446. இரண்டும் இலவசம்.

கோடை விடுமுறை வருவதால் லித்தியம் சாப்பிடுபவர்களின் வீட்டாருக்குத் தனியாகச் சில வார்த்தை. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் 1949-ல் பயனுக்குக் கொண்டுவந்த இந்த மருந்து, அளவு சரியாக இருந்தால் அமிர்தம். உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகிவிடும். நாக்பூர் வெயிலில் தூங்கும் வசதிப் பெட்டியில் போகும்போது தண்ணீர் குறையாமல் குடிக்க வேண்டும். பேதி, வாந்தி வந்தாலும் அளவு ஏறும். இடுப்பு வலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் புரூஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளாலும் ஏறும். பிரஷருக்காக உப்பைத் திடீரென்று அடியோடு நிறுத்தினாலும் ஏறும். ஏறினால் என்ன ஆகும் தெரியுமா? கை பெரிதாக நடுங்கும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். பார்ப்பவர்கள், "பழையபடி ஆரம்பித்துவிட்டார்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முன்பு குடித்தவர் என்பதால் அவர் சொல்வதை யாரும் நம்பவும் மாட்டார்கள். வாயில் மது வாசனை இல்லாமல் தள்ளாடினால், அடுத்த வேளை லித்தியத்தை நிறுத்தி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "லித்தியம் சாப்பிடுகிறார், இரத்தத்தில் அளவு பாருங்கள்" என்று சொல்லுங்கள். வண்டியில் இருந்தால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லி 139-ல் கூப்பிட்டால் அடுத்த பெரிய ஸ்டேஷனில் டாக்டரை வரவழைப்பார்கள். மாத்திரையையும் டாக்டர் சீட்டையும் பெர்த்துக்கு அடியில் தள்ளும் பெட்டியில் வைக்காமல், கூட வருபவர் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும்.